501-ஆவது யூனிட்டின் விலை 243 ரூபாய்: கரண்ட் பில்லும் மானியமும்

கேள்வி இதுதான்: "நாலு வருஷம் முன்பு 1,100 ரூபாய் சுற்றி வந்த கரண்ட் பில் இப்போது 1,800 வருகிறது, சில சமயம் 2,000-ஐத் தாண்டுகிறது. அரசோ வீட்டு இணைப்புகளுக்குக் கட்டண உயர்வு இல்லை என்கிறது. எது உண்மை? சோலார் போட்டால் தேறுமா? சிலிண்டரை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறலாமா?"

இரண்டுமே உண்மை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் பெரிதாக ஏறியது 2022 செப்டம்பர் 10-ல். அப்போது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட ஆணையிலேயே, 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையும் பணவீக்க விகிதம் அல்லது 6 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம் என்று இருக்கிறது. 2023 ஜூலையில் 2.18 சதவீதம், வீடுகளுக்கானதை அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம், அது நம் தலையில் விழுந்தது. 2025 ஜூலையில் 3.16 சதவீதம், மறுபடி அரசு ஏற்றது. ஆக 2023-லும் 2025-லும் "உயர்வு இல்லை" என்றது சரிதான். ஆனால் 2022-லும் 2024-லும் ஏறியது இறங்கவில்லை.

இனி வரும் கணக்கெல்லாம் 2025 ஜூலை நிலவரம். அதற்குப் பிறகு புதிய ஆணை வந்திருந்தால் விலையை மட்டும் மாற்றிக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடிய வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அட்டவணையே வேறு. முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 2.35 ரூபாய்ப் படி காணாமல் போய், 101 முதல் 400 வரை முழுக்க 4.70 ஆகிவிடும். பிறகு 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

இதை ரூபாயில் பார்த்தால் 200 யூனிட்டுக்கு 235, 400-க்கு 1,175, 500-க்கு 1,805. 501-க்கு எவ்வளவு? 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 8.40 இல்லை, 243.40. சலுகையாகக் கொடுத்திருந்த 235 ரூபாயை அந்த இடத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் பில் 1,800-க்கும் 2,000-க்கும் நடுவில் ஊசலாடுவதற்குக் காரணம் 500-ல் இருக்கும் இந்த வரப்புதான். 499-ல் ஒரு முறை, 505-ல் ஒரு முறை நிற்கிறீர்கள்.

2022-க்கு முன்பும் இந்த வரப்பு இருந்தது, இன்னும் உயரமாகவே இருந்தது. அப்போது 500 யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் சேர்த்து 1,130 ரூபாய், 501-க்கு 1,786.60. வரப்பைச் சின்னதாக்கினார்கள் என்பது உண்மை, ஆனால் வரப்புக்குக் கீழே இருந்த நிலத்தை உயர்த்தித்தான் அதைச் செய்தார்கள். அதனால் யாருக்கு அடி அதிகம் என்று பார்த்தால் விநோதமான விடை வருகிறது. பழைய கட்டணத்தோடு ஒப்பிட்டால் 600 யூனிட் வீட்டுக்கு 2,440-லிருந்து 2,880, அதாவது 18 சதவீதம். 400 யூனிட் வீட்டுக்கு 830-லிருந்து 1,175, ஏறக்குறைய 42 சதவீதம். 500 யூனிட் வீட்டுக்கு 1,130-லிருந்து 1,805, கிட்டத்தட்ட 60 சதவீதம். ஒரு ஏசி, ஒரு ஃப்ரிட்ஜ், நாலு ஃபேன் உள்ள சாதாரண நடுத்தர வீடு நிற்கும் இடம் சரியாக அதுதான். 2022-ல் அரசு சொன்ன கணக்குப்படி 2.37 கோடி வீட்டு இணைப்புகளில் 1 கோடிக்கு உயர்வே இல்லை. அவை 100 யூனிட்டுக்குள் ஓடுபவை. அவர்களைப் பொறுத்தவரை 2016 மே மாதம் தொடங்கிய 100 யூனிட் இலவசம் இன்றும் அப்படியே கைக்கு வருகிறது.

இந்த மானியம் ஆளைப் பார்ப்பதில்லை, மீட்டரைப் பார்க்கிறது. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் எட்டுப் பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் ஒரே 100 யூனிட், ஒரே 500 வரப்பு. 1,500 யூனிட் ஓட்டும் பங்களாவுக்கும் முதல் 100 இலவசம். வருமானம் எந்த இடத்திலும் கேட்கப்படுவதில்லை. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் விதி இதுதான் என்கிறபோது, வீட்டில் எண்ண வேண்டியது ரூபாயை இல்லை, யூனிட்டை.

முதலில் ரீடிங் தேதியைப் பிடியுங்கள். கணக்கெடுப்பு 60 நாளுக்கு ஒருமுறை என்பது ஏட்டில். விடுமுறை, ஆள் பற்றாக்குறை என்று இரண்டு மூன்று நாள் தள்ளிப்போவது சகஜம். தினம் 8 யூனிட் ஓடும் வீட்டுக்கு 60 நாளில் 480 யூனிட், பில் 1,679. மூன்று நாள் தாமதமானால் 504 யூனிட், பில் 2,073.60. அடுத்த முறை 57 நாளில் எடுத்துச் சமன் செய்தாலும் 1,527.80 வரும். இரண்டு பில்லையும் கூட்டினால் உங்களுக்கு 240 ரூபாய்க்கு மேல் நஷ்டம், நீங்கள் ஒரு யூனிட்கூட அதிகம் செலவழிக்காமலே. ஆகவே வழக்கமான தேதியன்று காலையில் மீட்டரில் உள்ள எண்ணை, தேதி தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். 50-ஆவது நாளிலும் ஒருமுறை பாருங்கள். அன்று 430 யூனிட் ஓடியிருந்தால் மீதிப் பத்து நாளுக்கு நாளொன்றுக்கு 7 யூனிட்தான் கையில் இருக்கிறது. அந்த வாரத்தில் துணி இஸ்திரி போடுவதையும் கெய்சரையும் சற்றுக் குறைத்தால் 235 ரூபாய் மிச்சம். 560 ஓடிவிட்டது என்றால் பதற வேண்டாம், வரப்பு முடிந்துவிட்டது. இனி 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் 8.40 தான்.

வீடு பூட்டியிருந்து ரீடிங் எடுக்க முடியவில்லை என்றால் பழைய பயன்பாட்டை வைத்து உத்தேசமாகப் பில் போடுவார்கள். அடுத்த முறை நாலு மாத யூனிட்டும் மொத்தமாக மீட்டரில் இருக்கும். அதை இரண்டு காலமாகப் பிரித்துத்தான் படி போட வேண்டும். பில்லில் அப்படிப் பிரித்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். பிரிக்காமல் போட்டால் 800 யூனிட்டுக்கு 4,770 ரூபாய் கேட்கும். பிரித்தால் 400, 400 என்று 2,350. இதைக் கவனிக்காமல் கட்டிவிட்டு வருபவர்கள் அதிகம்.

யூனிட் எங்கே போகிறது என்று தெரியாமல் குறைக்க முடியாது. மீட்டரில் சிவப்பாக மினுக்கும் விளக்கு அதற்கு உதவும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3,200 என்று இருந்தால், இரண்டு மினுக்குக்கு இடையே எத்தனை வினாடி என்று எண்ணி, 1,125-ஐ அதனால் வகுங்கள். வருவது அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட். பத்து வினாடிக்கு ஒரு மினுக்கு என்றால் 112 வாட். ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். மெயின் சுவிட்சையே இறக்கிய பிறகும் மினுக்கினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே கசிவு இருக்கிறது, அல்லது வேறு யாருடைய லைனோ உங்கள் மீட்டரில் தொங்குகிறது. பழைய அடுக்குமாடிகளில் மாடி விளக்கும் மோட்டாரும் இப்படி ஒரு வீட்டு மீட்டரில் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு.

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற சந்தேகத்துக்கும் இதே வழி. தண்ணீர் ஆறிய நிலையில் 2,000 வாட் கெய்சரை மட்டும் போட்டு மூன்று நிமிடம் மினுக்குகளை எண்ணுங்கள். 3,200 மீட்டரில் 320 சுற்றி வர வேண்டும். வோல்டேஜைப் பொறுத்துப் பத்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். 450, 500 என்று வந்தால் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, சோதனைக் கட்டணம் கட்டி மீட்டரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது சூடானதும் தானாக அணைந்து அணைந்து எரியும், எண்ணிக்கை தப்பும்.

குறைப்பதில் முதல் இடம் ஃபேனுக்கு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்கிற சிக்கன மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில். நாலு ஃபேன் தினம் 12 மணி நேரம் சுற்றும் வீட்டில் 60 நாளில் 130 யூனிட் மிச்சம். 600 யூனிட் வீட்டில் இதை மாற்றினால் 470 ஆகும், பில் 2,880-லிருந்து 1,616 ஆகும். நாலு ஃபேனுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆனாலும் ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும். அதே 130 யூனிட் 300 யூனிட் வீட்டில் மிச்சமானால் 540 ரூபாய்தான். மேல் படியில் நிற்பவர்களுக்குத்தான் சேமிப்பு இனிக்கும்.

ஏசி வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல், அந்த ஸ்டிக்கரில் உள்ள ஆண்டு யூனிட்டைப் பாருங்கள். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. 800 என்று போட்டிருந்தால் மணிக்கு அரை யூனிட். தினம் எட்டு மணி நேரம் ஓடினால் 60 நாளில் 240 யூனிட். கெய்சர் அரை மணிக்கு ஒரு யூனிட். செல்போன் சார்ஜரைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பதால் மிச்சமாவது இரண்டு மாதத்துக்கு அரை யூனிட்கூட இல்லை. அதை மறந்துவிடலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் ஒரே சர்வீஸில் சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினால், 180 யூனிட்டுக்கு நீங்கள் கொடுப்பது 1,440. சொந்த சர்வீஸ் இருந்தால் அதே 180 யூனிட்டுக்கு 188 ரூபாய். இலவச 100 யூனிட் வீட்டுக்காரர் கணக்கில் ஒரு முறைதான் வரும், உங்களுக்கு ஒன்றும் வராது. தனிச் சமையலறையும் தனி வாசலும் உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்கலாம். வீட்டுக்காரர் பெயரிலேயே விண்ணப்பிப்பது சிக்கல் குறைவான வழி. அவரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்: இரண்டு வீட்டின் யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்தால் அவரே 500-ஐத் தாண்டி 8.40-க்கும் 9.45-க்கும் கட்டுகிறார், பிரித்தால் இருவருக்கும் லாபம். ஆனால் ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் வைத்து 100, 100 என்று வாங்குவது வேறு விஷயம். அதை ஒன்றாக இணைக்கச் சொல்லுவார்கள்.

அடுக்குமாடியின் பொதுப் பயன்பாட்டுக்கு, அதாவது படிக்கட்டு விளக்கு, மோட்டார், லிஃப்டுக்கு, 2022-ல் தனிக் கட்டணம் வந்து யூனிட் 8 ரூபாயானது. பத்து வீட்டுக்கு மேற்படாமல், மூன்று மாடிக்கு மேற்படாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளுக்கு 2023-ல் அதை 5.50 ஆகக் குறைத்தார்கள். உங்கள் கட்டடம் அதற்குள் வருகிறது, பில்லில் இன்னும் பழைய வகையே இருக்கிறது என்றால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.

சோலார் விஷயத்துக்கு வருவோம். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தினம் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. 700 யூனிட் ஓடும் வீடு 2 கிலோவாட் போட்டால் நிகரமாக 220 யூனிட்டுக்குத்தான் பில். 3,825 ரூபாய் கட்டிய இடத்தில் 329. வருடத்துக்கு 20,000-க்கு மேல் மிச்சம், போட்ட காசு நாலைந்து வருடத்தில் வந்துவிடும். 250 யூனிட் வீட்டுக்கோ மொத்தப் பில்லே 470 ரூபாய். வருடம் 2,820-ஐ மிச்சம் பிடிக்க ஒரு கிலோவாட் போட்டால் அசல் திரும்பப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். மாநில மானியம் கீழ்ப்படியில் இருப்பவருக்கு, மத்திய மானியம் மேல்படியில் இருப்பவருக்கு என்று அமைந்துவிட்டது. 400-க்குக் கீழே இருப்பவர்கள் விற்பனையாளரின் பேச்சில் மயங்க வேண்டாம்.

போடுபவர்களுக்குத் தடுக்கும் இடங்கள் சில. சர்வீஸ் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், விண்ணப்பம் பேரன் பெயரில் போகும், மானியம் நிற்கும். முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனத்திடம்தான் போட வேண்டும், தகடு இந்தியாவில் செய்த செல் கொண்டதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மானியம் இல்லை. மானியம் நிறுவனத்துக்குப் போவதில்லை, நீங்கள் வாங்குவதையும் கொடுப்பதையும் எண்ணும் இருவழி மீட்டர் பொருத்தி இயக்கிய பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே படுக்கும். கரண்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும் என்பதைப் பலரும் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

கடைசியாக கேஸ். சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 1,118.50 வரை போய், 2023 ஆகஸ்ட் இறுதியில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் இறங்கி, 2025 ஏப்ரல் 8 முதல் 868.50-ல் நின்றது. பொது நுகர்வோருக்கு 2020-லிருந்தே மானியம் ஏறக்குறைய இல்லை. ஏழை வீட்டுப் பெண்களுக்கு மத்திய அரசு கொடுத்த உஜ்வாலா இணைப்புக்கு மட்டும் சிலிண்டருக்கு 300 ரூபாய், 2025-26-ல் ஒன்பது சிலிண்டர் வரை. அதற்கு முன்பு பன்னிரண்டு. முழு விலையையும் கொடுத்து வாங்க வேண்டும், 300 பிறகு வங்கியில் விழும். விழவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம்: ஏஜென்சியில் ஆதார் இ-கே.ஒய்.சி., அதாவது அடையாளச் சரிபார்ப்பு, முடியவில்லை, அல்லது நீங்கள் கடைசியாக ஆதார் இணைத்த வேறொரு கணக்கில் பணம் விழுந்துகொண்டிருக்கிறது. பாஸ்புக்கைத் தேடுவதற்கு முன் எந்த வங்கியில் ஆதார் இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.

இண்டக்‌ஷன் கணக்கு இப்படி. சிலிண்டர் விலை 868.50 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் சூடு ஏறக்குறைய 180 யூனிட். அடுப்பில் 60 சதவீதம் சொச்சம்தான் பாத்திரத்துக்குப் போகும். அதே வேலையை இண்டக்‌ஷன் சுமார் 130 யூனிட்டில் முடிக்கும். 4.70 படியில் இருந்தால் 611 ரூபாய், லாபம். 6.30-ல் 819, கொஞ்சம் லாபம். 8.40-ல் 1,092, நஷ்டம். உஜ்வாலா வீட்டுக்குச் சிலிண்டர் 568.50-க்கு விழுவதால் 4.70 படியிலேயே கேஸ்தான் மலிவு.

ஆனால் சமையல் யூனிட் இருக்கிற யூனிட்டின் மேல் ஏறி உட்காரும். 350 யூனிட் வீடு, சிலிண்டர் 40 நாள் வரும் என்று வைப்போம். முழுக்க மாறினால் இரண்டு மாதத்துக்கு 195 யூனிட் கூடி 545 ஆகும். பில் 940-லிருந்து 2,418. மிச்சமாகும் ஒன்றரை சிலிண்டரின் விலை 1,303 தான். பாதி சமையலை மட்டும், 100 யூனிட் அளவுக்கு மாற்றினால் 450 யூனிட், பில் 1,490. கூடுவது 550, கேஸில் மிச்சம் 660-க்கு மேல். ஆகவே பால், சாதம், வெந்நீர் இண்டக்‌ஷனில். தாளிப்பும் தோசையும் கேஸில்.

பில்லில் தவறு என்று நினைத்தால் முதலில் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடம் மீட்டர் படங்களோடு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் புகார் எண் பெறலாம். நகராவிட்டால் வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதன் தீர்ப்பும் ஒப்பவில்லை என்றால் சென்னையிலுள்ள மின் குறைதீர்ப்பாளர். பில்லில் திடீரென்று கூடுதல் காப்புத்தொகை என்று ஒரு வரி இருந்தால் அது தவறு இல்லை. பயன்பாடு கூடியதால் கேட்கும் முன்பணம், அதற்கு வட்டி உண்டு. அதைக் கட்டண உயர்வு என்று எண்ணிப் புகார் கொடுத்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.